போலீஸாரின் விருப்பமே சட்டமா?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கலாசாலை நகரங்கள் என்று பெயர் பெற்ற ஊர்கள் பல இருக்கின்றன. ஊருக்காகச் சர்வகலாசாலை ஏற்பட்டது என்பதைவிடச் சர்வகலாசாலைக்காகவே ஊர் நிலைத்திருக்கிறது என்று சொல்லும்படியான ஊர்கள் அவை. அவ்வூர்களில் வாரக் கடைசி நாட்களின் இரவில், மதுக்கடைகள் மூடும் சமயத்தில், நூற்றுக்கணக்கான வாலிபர்கள் வீதியில் தள்ளாடிக்கொண்டு வீடு திரும்புவதைக் காணலாம். அவர்களில் ஒருவனைப் போலீஸ்காரர் பிடித்து விலங்கிட்டு அழைத்துச் செல்கிறார். மற்றொருவனை, "நேரே வீட்டுக்குப் போய்ச் சேர்" என்று எச்சரித்து அனுப்பிவிடுகிறார். இருவர் குடித்ததும் ஒரே மது. நின்றதும் ஒரே வீதி. ஒருவனுக்குச் சிறைக்கூடமும் மற்றவனுக்குத் தன் படுக்கையும் கிடைத்ததற்குக் காரணம் என்ன? சட்டம் என்று சொல்வதற்கில்லை. அந்த நிமிஷத்தில் அந்தக் கான்ஸ்டேபிளின் மனத்தில் தோன்றிய எண்ணமே காரணம். அந்த எண்ணத்துக்கு ஓர் எல்லை வேண்டாமா என்பதே இன்று நாம் ஆராய விரும்பும் விஷயமாகும்.

கடல் கடந்த தேசத்துக் குடிகாரர்களைப் பற்றி நமக்கு என்ன கவலை என்று வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். 2023-24-ஆம் கல்வி ஆண்டில் அமெரிக்காவில் படித்த இந்திய மாணாக்கர்களின் தொகை 3,31,602. வேறெந்தத் தேசத்திலிருந்தும் அவ்வளவு பேர் அந்த ஆண்டில் அங்கே சென்று படிக்கவில்லை. நமது வீட்டுப் பிள்ளைகள் வாழும் ஊர்களின் சட்டம் எப்படி நடத்தப்படுகிறது என்பது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் ஆகாது. தவிரவும், சட்டத்துக்கும் அதை நடத்தும் அதிகாரிக்கும் உள்ள தூரம் எவ்வளவு இருக்கலாம் என்ற கேள்வி எந்தத் தேசத்துப் பிரஜைக்கும் பொதுவானது.

உதாரணத்துக்கு இந்தியானா ராஜ்யத்தைச் சேர்ந்த புளூமிங்டன் நகரத்தை எடுத்துக்கொள்வோம். 2020-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி அந்நகரத்தின் ஜனத்தொகை சுமார் 79 ஆயிரம். அங்குள்ள இந்தியானா சர்வகலாசாலையிலோ 45 ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணாக்கர்கள் படிக்கிறார்கள். 1951-ஆம் ஆண்டு முதல் வசந்தகாலத்தில் 'லிட்டில் 500' என்ற சைக்கிள் பந்தயம் அங்கே நடந்து வருகிறது. பந்தயத்தை ஒட்டிய நாட்களில் ஊர் முழுவதும் திருவிழாக்கோலம் பூணும். மதுவும் பெருக்கெடுத்து ஓடும். இவ்வளவு சிறிய நகரத்தில் நகரப் போலீஸார், சர்வகலாசாலைப் போலீஸார், ராஜ்யத்தின் கலால் போலீஸார் என்று மூன்று படைகள் ரோந்து சுற்றுகின்றன. மது அருந்துவதற்குரிய வயது அந்நாட்டில் 21. கலாசாலையில் முதல் இரண்டு மூன்று வருஷம் படிப்பவர்களில் பெரும்பாலோர் அந்த வயதை எட்டாதவர்கள். ஆகவே, வீதியில் நடமாடும் மாணாக்கர்களில் பெரும் பகுதியினரை ஏதேனும் ஒரு ஷரத்தின் கீழ்க் கைது செய்யப் போலீஸாருக்கு அதிகாரம் இருக்கிறது. எல்லோரையும் கைது செய்ய அவர்களால் முடியாது. சிறையில் அவ்வளவு இடமும் இல்லை. ஆகையால், அவர்கள் பொறுக்கி எடுக்கிறார்கள். பொறுக்குவதற்குரிய அளவுகோல் எது என்பதுதான் கேள்வி.

இந்தியானா ராஜ்யத்தின் சட்டம் இது விஷயத்தில் நல்ல பாடம் கற்பிக்கிறது. 2012-ஆம் ஆண்டுக்கு முன்னால், பொது இடத்தில் ஒருவர் மது மயக்கத்தில் இருப்பதே அங்கே குற்றமாயிருந்தது. அவர் யாருக்கும் தீங்கு செய்திருக்கவேண்டியதில்லை. கூச்சல் போட்டிருக்க வேண்டியதுமில்லை. இக்குற்றத்துக்கு 180 நாள் வரை சிறைவாசமும் 1,000 டாலர் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. இந்தச் சட்டத்தின் கடுமை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை 2011-ஆம் ஆண்டில் அந்த ராஜ்யத்தின் உச்ச நியாயஸ்தலம் அளித்த ஒரு தீர்ப்பு காட்டிற்று. குடித்திருந்த ஒரு பெண்மணி தாம் வண்டி ஓட்டுவது தவறென்று கருதி, தமது மோட்டாரை வேறொருவரை ஓட்டச் சொல்லிப் பக்கத்து ஆசனத்தில் அமர்ந்து சென்றார். வண்டியின் எண் பலகை விளக்கு எரியவில்லை என்று போலீஸார் அதை நிறுத்தினார்கள். பொது ரஸ்தாவில் நிற்கும் வண்டியும் பொது இடமே என்று கொண்டு, அந்த அம்மையாருக்கு விதிக்கப்பட்ட தண்டனையை நியாயஸ்தலம் ஊர்ஜிதம் செய்தது. சட்டத்தைத் திருத்துவது சட்டசபையின் வேலை என்பது நீதிபதிகளின் கருத்து.

குடித்தவர் வண்டி ஓட்டினால் குற்றம். ஓட்டாமல் பிறரை ஓட்டச் சொன்னாலும் குற்றம். நடந்து போனாலும் குற்றம். அப்படியானால் அவர் எப்படித்தான் வீடு போய்ச் சேருவது? நாம் இவ்வாறு கேட்பதுபோலவே அந்த ராஜ்யத்து ஜனங்களும் கேட்டார்கள். சட்டசபை விழித்துக்கொண்டது. 2012-ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. மது மயக்கத்தில் இருப்பது மட்டும் போதாது. தமது உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து உண்டாக்கவேண்டும், அல்லது அமைதியைக் குலைக்கவேண்டும் அல்லது குலைக்கும் தறுவாயில் இருக்கவேண்டும், அல்லது மற்றொருவரைத் தொந்தரவு செய்யவோ எரிச்சல் ஊட்டவோ கலவரப்படுத்தவோ வேண்டும் என்று ஏற்பட்டது. இது நல்ல திருத்தம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால், முன்வாசலை அடைத்தவர்கள் பின்வாசலைத் திறந்தே வைத்துவிட்டார்கள். 'எரிச்சல் ஊட்டுதல்' என்ற சொல்லே அந்தப் பின்வாசல்.

எரிச்சல் என்பது யாருடைய எரிச்சல்? சாந்த குணமுள்ளவர் நூறு பேர் பாடினாலும் பொறுப்பார். கோபக்காரர் ஒருவர் இருமினாலும் பொறுக்கமாட்டார். பஸ் நிற்குமிடத்துக் கொட்டகையில் படுத்து உறங்கிக்கொண்டிருந்த ஒருவரைப் போலீஸ்காரர் எழுப்ப, அவர் ஆத்திரங்கொண்டு பேச, எரிச்சல் ஊட்டினார் என்று அவரைக் கைது செய்த வழக்கு ஒன்று 2014-ஆம் ஆண்டில் அதே உச்ச நியாயஸ்தலத்தின் முன் வந்தது. அந்தச் சொல் தெளிவற்றது, அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று கீழ் அப்பீல் கோர்ட்டார் முடிவு கூறியிருந்தனர். உச்ச நியாயஸ்தலம் அதை ஒப்பவில்லை. சாதாரண விவேகமுள்ள ஒரு மனிதருக்கு எது எரிச்சல் தருமோ அதுவே எரிச்சல் என்று பொருள்கொண்டு, சட்டம் செல்லும் என்று தீர்மானித்தது. ஆனால், அந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தபோது, குடிவெறிக் குற்றத்துக்குப் போதிய சாட்சியம் இல்லை என்று கண்டு அந்தத் தண்டனையை ரத்து செய்தது.

தீர்ப்பில் நியாயம் இருக்கிறது. ஆயினும், விவேகமுள்ள மனிதரை நியாயஸ்தலத்தில் உட்கார்ந்து தேடுவது வேறு. நள்ளிரவில் வீதியில் தேடுவது வேறு. வீதியில் விவேகமுள்ள மனிதர் எப்படி நினைப்பார் என்பதை முடிவு செய்பவரும் அதே கான்ஸ்டேபிள்தான். அவர் செய்தது தவறு என்று மேல் கோர்ட் சொல்வதற்குள் வருஷங்கள் கழிந்துவிடுகின்றன. ஒவ்வொரு சிறு வழக்கையும் உச்ச நியாயஸ்தலம் வரையில் இழுத்துச் செல்ல எந்த ஏழைக்குச் சக்தி உண்டு? எந்த மாணாக்கனுக்கு அவகாசம் உண்டு? ஆகவே, பெரும்பாலான வழக்குகளில் கான்ஸ்டேபிளின் முதல் தீர்ப்பே கடைசித் தீர்ப்பாகி விடுகிறது.

போலீஸாருக்குத் தராதரம் பார்த்து நடக்கும் உரிமையே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது அறியாமை. குற்றம் கண்ட இடமெல்லாம் கைது செய்தே தீரவேண்டுமென்று விதித்தால் கருணைக்கு இடமில்லாமற் போகும். வீட்டு வாசலில் விழுந்து கிடப்பவரைக் கைதூக்கி உள்ளே விடும் போலீஸ்காரரை யாராவது குறை சொல்வார்களா? 1968-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் க்யூ. வில்ஸன் என்ற அறிஞர் அமெரிக்கப் போலீஸாரின் நடத்தையை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். சில ஊர்ப் போலீஸார் அமைதி குலையாதவரை கண்டும் காணாமலும் இருக்கும் காவலாளிகள் என்றும், சிலர் சட்டத்தின் எழுத்தையே பிடித்துக்கொள்பவர்கள் என்றும், சிலர் கைது செய்வதைக் குறைத்து ஊராருக்கு உதவி செய்வதைப் பெரிதாகக் கொள்பவர்கள் என்றும் அவர் வகுத்துக் காட்டினார். மறு வருஷமே, கென்னத் கல்ப் டேவிஸ் என்ற சட்ட நிபுணர், அதிகாரிகளின் இஷ்டத்தை அடியோடு ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் கூடாது. ஆனால் அவசியமற்ற இஷ்டத்தைக் குறைத்து, அவசியமானதை விதிகளால் வரம்பு கட்டவேண்டும் என்று வாதாடினார். நமது அபிப்பிராயமும் அதுவே. நாம் ஆட்சேபிப்பது இஷ்டத்தையல்ல. கேள்வி முறையற்ற இஷ்டத்தையே.

கேள்வி முறையற்ற இஷ்டம் எங்கே போய் முடியும்? யாருக்குத் துணை இருக்கிறதோ அவருக்குச் சலுகையும், யாருக்குத் துணை இல்லையோ அவருக்குச் சிறையுமாக முடியும். டெக்ஸாஸ் ராஜ்யத்தின் சட்டத்தைப் பாருங்கள். தமக்கோ பிறருக்கோ ஆபத்து நேரும்படியான அளவுக்குப் பொது இடத்தில் மயங்கியிருந்தால்தான் அங்கே குற்றம். தண்டனை 500 டாலருக்கு மேற்படாத அபராதம் மட்டுமே, சிறைவாசம் கிடையாது. அன்றியும், சிறையில் வைப்பது அவசியமில்லை என்று போலீஸ் அதிகாரி கருதினால், பொறுப்பேற்றுக்கொள்ளும் வயது வந்த ஒருவரிடம் அவரை ஒப்படைத்து விட்டுவிடலாம். சிகிச்சைக்குச் சம்மதித்தாலும் விட்டுவிடலாம். ஏட்டில் பார்த்தால் இது அருமையான சட்டம். ஆனால், பொறுப்பேற்க யாரும் இல்லாதவன் கதி என்ன?

அதற்கும் டெக்ஸாஸிலேயே ஒரு சரித்திரம் உண்டு. ஆஸ்டின் நகரம் அந்த ராஜ்யத்தின் தலைநகர். பெரிய சர்வகலாசாலையின் ஊரும் அதுவே. 1966-ஆம் ஆண்டு டிசம்பரில் அந்நகரப் போலீஸார் ஓர் ஏழையைக் குடிவெறிக்காகக் கைது செய்தார்கள். மதுக்கடை ஒன்றில் பூட்ஸுக்கு மெருகிட்டு வாரத்துக்குச் சுமார் 12 டாலர் சம்பாதிப்பவர் அவர். அதற்கு முன்னரே சுமார் நூறு தடவை அதே குற்றத்துக்காகத் தண்டனை அடைந்தவர். 20 டாலர் அபராதம் விதித்தார்கள்; அப்பீல் செய்தபோது அது 50 டாலராயிற்று. வழக்கு ஐக்கிய நாடுகளின் உச்ச நியாயஸ்தலம் வரையில் சென்றது. குடிப்பழக்கம் ஒரு நோய்; நோயாளியை நோய்க்காகத் தண்டிக்கலாமா என்பது கேள்வி. 1968-ஆம் ஆண்டில் ஐந்துக்கு நான்கு என்ற வாக்கில் நீதிபதிகள் தண்டனையை உறுதி செய்தார்கள். குடிகாரராக இருப்பதற்காக அல்ல, பொது இடத்தில் வெறியுடன் தோன்றியதற்காகவே தண்டனை என்று காரணம் கூறப்பட்டது. வீடுள்ளவன் வீட்டுக்குள் வெறி கொள்ளலாம்; வீடற்றவனுக்கு எல்லா இடமும் பொது இடமே என்ற உண்மையை அந்தக் காரணம் கவனித்ததாகத் தெரியவில்லை. நூறு தடவை தண்டித்தும் திருந்தாத ஒருவரை நூற்றோராவது தடவையும் தண்டிப்பதால் யாருக்கு என்ன லாபம்?

ஒரே நகரத்தில் இரண்டு விதமான மனிதர்கள். கலாசாலைச் சட்டை அணிந்து, நாலு நண்பர்கள் தாங்கிப் பிடிக்க நடப்பவன் ஒருவன். கந்தல் போர்த்துத் தனியே திண்ணையில் சாய்ந்திருப்பவன் மற்றொருவன். இருவரில் யார் கைதாவான் என்று சொல்லச் சோதிடம் வேண்டாம். இதன் மறுபக்கமும் உண்டு. பந்தய வாரத்தில் மேலதிகாரிகள் 'கண்டிப்புக் காட்டுங்கள்' என்று சொல்லிவிட்டால், மற்ற வாரங்களில் யாரும் பொருட்படுத்தாத மாணாக்கனும் அன்று விலங்கு பூணுகிறான். செய்த செயல் ஒன்றே. நாளுக்கு நாள் அதன் விலை மாறுகிறது. சட்டம் என்பது சந்தைச் சரக்கல்லவே!

"அபராதம்தானே? ஒரு ராத்திரிதானே?" என்று சிலர் அலட்சியமாகச் சொல்வார்கள். ஒரு ராத்திரிச் சிறை என்பது அதை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். அபராதம் மட்டுமே விதிக்கக்கூடிய குற்றத்துக்கும் கைது செய்து காவலில் வைக்கலாம் என்று 2001-ஆம் ஆண்டில், டெக்ஸாஸில் மோட்டார் ஆசனப் பட்டி அணியாத ஒரு தாயாரின் வழக்கில், ஐக்கிய நாடுகளின் உச்ச நியாயஸ்தலம் ஐந்துக்கு நான்காகத் தீர்ப்பளித்தது. ஆகவே, நீதிபதி விதிக்க முடியாத சிறைவாசத்தை ஒரு ராத்திரிக்காவது போலீஸ்காரர் விதிக்க முடிகிறது. பிறகு வழக்கு தள்ளப்பட்டாலும் கைதான பதிவு ஏட்டில் நிற்கிறது. உத்தியோகத்துக்கு மனுச் செய்யும்போது அது எழுந்து பேசுகிறது.

அந்நிய நாட்டு மாணாக்கர்களுக்கு அது இன்னும் உரக்கப் பேசுகிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகக் கைதானவரின் விசாவை, கோர்ட்டில் தண்டனை ஏற்படாவிட்டாலும் ரத்து செய்யலாம் என்ற முறையை அமெரிக்க வெளிநாட்டு இலாகா 2015-ஆம் ஆண்டில் கைக்கொண்டது. 2025-ஆம் ஆண்டு வசந்தகாலத்திலோ, அந்நிய மாணாக்கர்களின் பெயர்களைப் போலீஸ் பதிவேடுகளுடன் கூட்டம் கூட்டமாக ஒத்துப்பார்த்து, ஆயிரக்கணக்கானவர்களின் மாணாக்கர் பதிவை அந்நாட்டு சர்க்கார் திடீரென்று ரத்து செய்தது. அவர்களில் வழக்கு தள்ளுபடியானவர்களும், அற்பக் குற்றங்களுக்கு ஆளானவர்களும் இருந்தனர். பல நியாயஸ்தலங்களில் வழக்குகள் எழுந்தன. நீதிபதிகள் தடை உத்தரவுகள் பிறப்பித்தனர். ஏப்ரல் மாதக் கடைசியில் சர்க்கார் பின்வாங்கிப் பதிவுகளை மீண்டும் உயிர்ப்பிக்க முன்வந்தது. ஆனால், இடையில் பல பிள்ளைகள் அடைந்த கலக்கத்தை யார் திருப்பிக் கொடுக்க முடியும்? உள்ளூர் வாலிபனுக்கு ஒரு ராத்திரிச் சங்கடமாக முடிவது, வீடு வாசலை அடமானம் வைத்து அனுப்பப்பட்ட நமது பிள்ளைக்குப் படிப்பே பாழாகும் காரியமாக முடியலாம். அந்த ராத்திரியில் கான்ஸ்டேபிள் காட்டும் விருப்பு வெறுப்பு எவ்வளவு தூரம் எட்டுகிறது என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

போலீஸார் தரப்பையும் கேட்கவேண்டியது நியாயம். "குடிகாரனை விட்டுவிட்டு மறுநாள் காலையில் அவன் பிணத்தைக் கண்டால் எங்களைத்தானே குறை சொல்வீர்கள்?" என்பது அவர்கள் கேள்வி. அதில் உண்மை இருக்கிறது. விஸ்கான்ஸின் ராஜ்யத்தில் மிஸ்ஸிஸிப்பி நதிக்கரையிலுள்ள லா கிராஸ் என்ற கலாசாலை நகரத்தில், 1997-ஆம் ஆண்டு முதற்கொண்டு சில வருஷங்களுக்குள், குடித்துவிட்டு நதிப்பக்கம் சென்ற வாலிபர்கள் பலர் மூழ்கி இறந்தார்கள். கடைசியில் மாணாக்கர்களே குழுக்கள் சேர்த்து, நதிக்கரையில் இரவுக்காவல் காக்கத் தொடங்கினார்கள். பனிக்காலத்தில் வீதியோரம் உறங்குபவன் விழிக்காமலே போவதும் உண்டு. மயங்கியவனைக் கவனிக்காமல் விடுவது கருணை அன்று. அது கடமை தவறுவதேயாகும்.

ஆனால், ஆபத்திலிருந்து காப்பாற்றுவது வேறு, குற்றவாளியாக்குவது வேறு. சிறைக்கூடம் ஆஸ்பத்திரியாகாது. மது விஷமேறியவனும், விழுந்து தலையில் அடிபட்டவனும், வெறுமே உறங்குபவனும் சிறைக் காவலாளியின் கண்ணுக்கு ஒரே மாதிரியாகத் தோன்றுவார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா ராஜ்யத்தில் 2017-ஆம் ஆண்டில் ரயிலில் உறங்கிவிட்ட ஓர் ஆதிக்குடிப் பெண்மணியைக் குடிவெறிக்காகப் போலீஸ் காவலில் வைத்தார்கள். அங்கே விழுந்து தலையில் அடிபட்ட அவர் பின்னர் உயிரிழந்தார். அந்தக் குடும்பத்தினர் விடாமல் போராடியதன் பலனாக, 2023-ஆம் ஆண்டு நவம்பர் முதல் பொது இடக் குடிவெறி அந்த ராஜ்யத்தில் குற்றமாகக் கருதப்படுவதில்லை. காப்பாற்றுவதற்காகச் சிறை என்ற வாதம் எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

வேறு வழி இல்லையென்றும் சொல்ல முடியாது. 1965-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளில் குடிவெறிக்காக நடந்த கைதுகள் சுமார் இருபது லட்சம். மூன்று கைதுகளில் ஒன்று அதற்காகவே. ஜனாதிபதி நியமித்த கமிஷன் 1967-ஆம் ஆண்டில், வெறுங் குடிவெறியைக் குற்றமாகக் கொள்வதை நிறுத்தவேண்டும், நகரங்கள் மயக்கம் தெளியவைக்கும் நிலையங்களை ஏற்படுத்தவேண்டும் என்று சிபாரிசு செய்தது. மின்னஸோட்டா ராஜ்யத்தின் சட்டம் குடிவெறிக்காக மட்டும் யார்மீதும் குற்றம் சாட்டலாகாது என்று சொல்கிறது. மிஸ்ஸூரி ராஜ்யத்தில் குடிவெறிக்காகத் தண்டிக்கும் விதிகளை எந்த நகரசபையும் செய்யக்கூடாது. அங்கே போலீஸார் மயங்கியவரை வீட்டிலோ சிகிச்சை நிலையத்திலோ கொண்டுபோய் விடலாம். வேறு இடமில்லாவிட்டால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேற்படாமல் காவலில் வைக்கலாம். அந்த ராஜ்யத்திலும் கொலம்பியா என்ற பெரிய கலாசாலை நகரம் இருக்கிறது. அங்கும் வாலிபர்கள் குடிக்கிறார்கள். ஆனால் ஊர் கவிழ்ந்துவிடவில்லை.

ஏழைத் தொழிலாளியை நூறு தடவை தண்டித்த அதே ஆஸ்டின் நகரத்தில் 2018-ஆம் ஆண்டில் மயக்கம் தெளியவைக்கும் நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. அதற்கு ஐந்து வருஷம் முந்தியே ஹூஸ்டன் நகரம் அத்தகைய நிலையத்தை ஏற்படுத்தியிருந்தது. சிறைக்குப் பதிலாகப் படுக்கை. காவலாளிக்குப் பதிலாகத் தாதி. காலையில் தெளிந்ததும் அவர் வீடு திரும்புகிறார். ஏட்டில் கைதுப் பதிவு ஏறுவதில்லை. போலீஸ்காரருக்கும் அரை இரவைச் சிறை வாசலில் கழிக்கவேண்டிய தொல்லை நீங்குகிறது.

இந்தியானா ராஜ்யமும் 2012-ஆம் ஆண்டில் மற்றொரு நல்ல சட்டம் செய்தது. மது விஷமேறிய நண்பனுக்காக உதவி கோரும் இளைஞன், தன் பெயரைச் சொல்லி, இடத்தைவிட்டு அகலாமல், அதிகாரிகளுடன் ஒத்துழைத்தால், வயதுக்கு முன் குடித்ததற்காகவும் பொது இடத்தில் மயங்கியிருந்ததற்காகவும் அவன்மீது வழக்குத் தொடரலாகாது என்பது அந்தச் சட்டம். போலீஸ் வரும் என்ற பயத்தால் நண்பனைச் சாகவிட்டு ஓடுவதைத் தடுப்பதே அதன் நோக்கம். கவனிக்கவேண்டிய விஷயம் என்னவென்றால், இங்கே கருணை கான்ஸ்டேபிளின் விருப்பத்துக்கு விடப்படவில்லை. சட்டமே அதை எழுத்தில் உறுதி செய்திருக்கிறது. கருணையை விதியாக்க முடியும் என்பதற்கு இது கண்கண்ட சான்று.

இனி நமது வீட்டையும் பார்த்துக்கொள்வோம். குடிவெறியைத் தனிக் குற்றமாகக் கொள்ளும் வழக்கத்தின் வேர் 1606-ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம் வரையில் செல்கிறது. அதே ஆங்கில வேரிலிருந்து முளைத்ததுதான் 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்து 510-ஆவது பிரிவும். குடிவெறியுடன் பொது இடத்தில் தோன்றி, யாருக்கேனும் எரிச்சல் உண்டாகும்படி நடந்துகொள்பவருக்கு 24 மணி நேரச் சிறைவாசம் அல்லது பத்து ரூபாய் அபராதம் என்று அது விதித்திருந்தது. 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் அதற்குப் பதிலாக அமலில் இருக்கும் பாரதீய நியாய சங்கிதையின் 355-ஆவது பிரிவு, அபராதத்தை ஆயிரம் ரூபாயாக உயர்த்தி, சமூக சேவை என்ற புதிய தண்டனையையும் சேர்த்திருக்கிறது. சேவையைத் தண்டனையாக்கியது நல்ல எண்ணமே. ஆனால் இந்தியானாவில் தகராறு விளைத்த அதே 'எரிச்சல்' நமது புதிய சட்டத்திலும் குந்தியிருக்கிறது! யாருடைய எரிச்சல், எவ்வளவு எரிச்சல் என்று நமது சட்டமும் சொல்லவில்லை. ஆகவே, அமெரிக்கரைப் பார்த்து நகைக்க நமக்கு இடமில்லை. அவர்கள் பட்ட அநுபவத்திலிருந்து கற்றுக்கொள்ளத்தான் இடமுண்டு.

செய்யவேண்டியவை கடினமானவையல்ல. முதலாவது, வெறும் மயக்கத்தையும் எரிச்சலையும் நீக்கி, உண்மையான ஆபத்தையும் அமைதிக் குலைவையும் மட்டுமே குற்றமாகச் சட்டம் கொள்ளட்டும். இரண்டாவது, எப்போது எச்சரிப்பது, எப்போது வீட்டில் விடுவது, எப்போது ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, எப்போது கைது செய்வது என்பதைப் போலீஸ் இலாகா எழுத்து மூலம் விதித்து ஊரறியப் பிரசுரிக்கட்டும். பந்தய வாரத்துக்கு ஒரு விதி, மற்ற வாரத்துக்கு ஒரு விதி வேண்டாம். மூன்றாவது, கைது செய்யும் அதிகாரி, வேறு வழிகளை ஏன் கைக்கொள்ளவில்லை என்பதற்குக் காரணம் எழுதி வைக்கட்டும். நான்காவது, யார் யார் கைதானார்கள், மாணாக்கர் எத்தனை பேர், வீடற்றவர் எத்தனை பேர், எந்த இனத்தார் எத்தனை பேர் என்ற கணக்கு வருஷந்தோறும் வெளியாகட்டும். கணக்கு வெளியானால் பாரபட்சம் மறைய இடமிராது. ஐந்தாவது, வழக்கு தள்ளப்பட்டால் கைதுப் பதிவும் தானாகவே அழியட்டும். நிரபராதி மனுப் போட்டு அலையவேண்டாம்.

இவற்றால் போலீஸாரின் கௌரவம் குறையும் என்று யாரும் அஞ்சவேண்டியதில்லை. விதியின்றி நடக்கும் அதிகாரியை ஜனங்கள் பயத்தால் வணங்குவார்கள்; விதிப்படி நடக்கும் அதிகாரியை மரியாதையால் வணங்குவார்கள். நேர்மையான கான்ஸ்டேபிளுக்கு எழுத்து விதி ஒரு கவசம். மேலதிகாரியின் நிர்ப்பந்தத்திலிருந்தும் செல்வாக்குள்ளவர்களின் சிபாரிசிலிருந்தும் அது அவரைக் காப்பாற்றும்.

குடியை நாம் ஆதரிப்பவரல்லர். படிக்கப்போன வாலிபன் வீதியில் மயங்கி விழுவது பெற்றோருக்கும் தேசத்துக்கும் துக்கம் தருவதே. ஆனால், ஒருவனுடைய குற்றத்தை அவன் செய்த செயலைக்கொண்டு அளக்கவேண்டுமேயல்லாமல், அவன் அணிந்த சட்டையைக் கொண்டோ, அவனுடன் வந்த நண்பர்களைக் கொண்டோ, அன்றிரவு போலீஸ்காரருக்கு இருந்த மனநிலையைக் கொண்டோ அளக்கலாகாது. ஒரே செயலுக்கு ஒருவன் வீட்டுக்கும் மற்றொருவன் சிறைக்கும் போகும் ஊரில், அதற்குரிய காரணத்தைக் கேட்கப் பிரஜைக்கு உரிமை உண்டு; சொல்ல அதிகாரிக்குக் கடமை உண்டு. அந்தக் காரணத்தை எழுத்தில் காட்ட முடியாத கைது எதுவும் சட்டத்தின் பெயரால் நடைபெறலாகாது என்பதே நமது உறுதியான அபிப்பிராயம்.